பள்ளத்துக் கடை யோங் சாய்ஷியா

நான் சிறுமியாக இருந்தபோது அம்மாவின் நூடுல்ஸ் கடைக்குள் போகப் படியேற வேண்டும். படிப்பு முடித்து வந்தபோது கடையும் தெருவும் ஒரே மட்டம். கடைசி வருடங்களில் படியிறங்கிப் போனோம். கடை நகரவில்லை. தெருதான் ஏறியது. புதிய தார் போடுமுன் பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டும். எங்கள் ஊரில் எடுக்கவில்லை. மேலேயே போட்டார்கள். புதிய பேருந்து வழி, எரிவாயுக் குழாய், வெளியூர்ப் பெரிய மனிதர்களின் வருகை என்று ஊர் வளர வளரக் காரணங்கள் வந்தன. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பூச்சு.

நான் வடிகால் பொறியாளர். இதை அம்மாவுக்குப் படம் போட்டு விளக்கினேன்.

"அப்போ நான் எறங்கல, நீங்கதான் ஏறிட்டீங்க," என்றாள். "சரி, இருங்க. பசிச்சா எறங்கி வருவீங்க."

ஊரில் அவளுக்குப் பள்ளத்து யோங் என்று பெயர். எதிர்க்கடையில் சாவி வெட்டும் துவோ தினமும் காலையில் மேலிருந்து குரல் கொடுப்பார்.

"அக்கா, பாதாளத்துல விடிஞ்சிருச்சா?"

"விடிஞ்சிருச்சு. உன் மூஞ்சி தெரியுது, அதான் மறுபடி இருட்டற மாதிரி இருக்கு."

இருவருக்கும் தீராத சண்டை. துவோவின் சாவி அரைக்கும் இயந்திரம் பறக்கவிடும் பித்தளைத் தூள் தன் மாவில் விழுகிறது என்பது அம்மாவின் புகார். அவள் கடைப் புகையால் தன் கண்ணாடி மங்கிச் சாவியெல்லாம் கோணலாகிறது என்பது துவோவின் புகார். சண்டை போட்டுக்கொண்டே மதியம் அங்கேதான் சாப்பிடுவார்.

அம்மா பிறந்தது தெற்கே வறண்ட மலையில். வீட்டுக்கு ஒரு மழைநீர்க் குழி. வருடம் முழுக்க அதுதான் தண்ணீர். ஒரு கிண்ணத் தண்ணீரில் வீடே முகம் கழுவும், பிறகு கால் கழுவும், மிச்சம் ஆட்டுக்கு. அப்பா ரயில்வேயில் மணல் காவலர். தண்டவாளத்தை மணல் மூடாமல் இருக்க, மேட்டில் வைக்கோலைக் கட்டம் கட்டமாக நடும் வேலை. பட்டணத்து மாப்பிள்ளை என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். அம்மா வந்து இறங்கியபோது தெற்கே மஞ்சள் ஆறு, வடக்கே டெங்கர் பாலைவனம், நடுவில் ஒரு தண்டவாளமும் சில வீடுகளும்.

"பட்டணம் எங்க?" என்று கேட்டாளாம்.

"வரும்," என்றாராம் அப்பா.

வந்தது. முதலில் தெரு, பிறகு பள்ளிக்கூடம், பிறகு பேரிக்காய்த் தோட்டங்களின் மேல் மாடி வீடுகள். இப்போது ரயில் பாதைக்கு அப்பால், ஒரு காலத்தில் அப்பா வைக்கோல் நட்ட மேட்டுக்குப் பக்கத்தில், புதிய நகரம் இருக்கிறது. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாக அம்மா ஒப்புக்கொண்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கடையில் ஒரே பண்டம். மணலில் முளைக்கும் ஒரு புதரின் விதையை அரைத்து மாவில் சேர்த்தால் மாவு இழுபடும். நூல் மாதிரி வெட்டலாம், அறுந்துபோகாது. மேலே ஆட்டுக்கறித் துண்டுகள் போட்ட புளிப்பு ரசம். அதிகாலையில் காய்கறி வியாபாரிகள் வருவார்கள். இரவு வேலை முடிந்த ரயில்வே ஆட்கள் வருவார்கள். வீட்டில் யாருக்காவது பிறந்த நாள் என்றால், ஆயுள் நீளட்டும் என்று நீள நூடுல்ஸ் வாங்கப் பாத்திரத்தோடு வருவார்கள். அம்மா பிறந்த நாள்காரரின் வயதைக் கேட்டுவிட்டு, "இன்னும் நிறைய வருஷம் கெடக்கு, மெதுவா சாப்பிடச் சொல்லு," என்று கொடுப்பாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வடமேற்கில் வானம் மஞ்சளானால், மணல் புயல் வருகிறது என்று கை தானாக வேலை செய்யும். ஜன்னல் இடுக்கில் ஈரத் துணி. மாவுப் பானைக்கு மூடி. காயப்போட்ட மிளகாய் உள்ளே. கடைசியாகத் தெரு வடிகாலின் கம்பி வாய்மேல் பழைய கம்பளி, பறக்காமல் இருக்கச் செங்கல். வெளியூரிலிருந்து வரும் பொறியாளர்கள் இந்தக் கடைசி வேலையைப் பார்த்துத் திகைப்பார்கள். ஆனால் மணல் வடிகாலுக்குள் இறங்கி ஈரத்தோடு சேர்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். பிறகு ஆள் இறங்கி வெட்ட வேண்டும். என் தலைமுறையில் எல்லோரும் சின்ன வயதில் செங்கல் தூக்கியிருக்கிறோம். புயல் போன பிறகு கம்பளியை எடுக்க யாருக்கும் அவசரம் இருந்ததில்லை. மழை எங்கே வரப்போகிறது?

அந்தக் காலத்தில் மழை வந்தால் தெருவில் நின்று பார்ப்போம். துவோ தன் ஸ்கூட்டரை வெளியே தள்ளி இலவசமாகக் கழுவிக்கொள்வார். எங்கள் ஊர் வடிகால்களும் அந்த மழையை வைத்துப் போட்டவை. இப்போது மழை மாறிவிட்டது. ஒரு கோடைக்கு உரியது ஒரு மதியத்தில் கொட்டுகிறது. போதாததற்கு, தண்ணீர் குடித்த தோட்டங்கள் இருந்த இடத்தில் சிமென்ட் இருக்கிறது. அலுவலகத்தில் இதற்கு வரைபடங்கள் வைத்திருக்கிறோம். அம்மா, "வானத்துக்குக் கை நடுங்குது, வயசாயிடுச்சு," என்பாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஜூலையில் ஒரு மதியம் வடமேற்கில் கறுப்புச் சுவர் எழுந்தது. எல்லோருடைய கைபேசியிலும் எச்சரிக்கை ஒலித்தது. சிவப்பு நிறத்தைப் பார்த்தார்கள். வாசகத்தை யாரும் படிக்கவில்லை. தெரு முழுக்கக் கம்பளி விரிந்தது, செங்கல் ஏறியது, கதவுகள் சாத்தின. கொஞ்சம் புழுதி வந்தது. பிறகு மழை வந்தது. தெரு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தெருவிலேயே தாழ்வான இடம் அம்மாவின் வாசல். தண்ணீர் படியிறங்கி வந்தது. தண்ணீரைத் தடுக்க அம்மா பிடிவாதமாக அப்பாவைக் கொண்டு ஓர் உயரமான வாசல் திண்டு கட்டியிருந்தாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். தண்ணீர் திண்டைத் தாண்டி உள்ளே வந்தது. மழை நின்று தெரு வடிந்த பிறகு அந்தத் திண்டு கடைத் தண்ணீரை வெளியே விடாமல் பத்திரமாகக் காப்பாற்றியது. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா சமையல் மேடைமேல் கால் மடக்கி உட்கார்ந்து மாவுப் பானையைக் கட்டிக்கொண்டிருந்தாள். முக்காலிகள் மிதந்தன. அப்பா பேன்ட்டைச் சுருட்டிவிட்டு ஒரு வாளியோடு நின்றார்.

துவோ வாசலில் குந்தி எட்டிப் பார்த்தார். "அக்கா, மீன் விடலாமா?"

"உன்னை விடலாம். எறங்கு."

"எனக்கு நீச்சல் தெரியாது. இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்?"

அதுவும் உண்மைதான். அப்பா சிரித்த சிரிப்பில் வாளி கை நழுவியது.

சிரிப்பு அடுத்த வாரம் நின்றது. வட்டார அலுவலகத்திலிருந்து ஃபாங் என்ற இளம்பெண் வந்தாள். நல்ல பெண், பேசுவதற்கு முன் இரண்டு முறை மன்னிப்புக் கேட்பாள். தெரு மட்டத்துக்குக் கீழே இருக்கும் கடைகள் ஆபத்து என்று முடிவாகியிருந்தது. பழைய தாரை வெட்டி எடுத்துத் தெருவை இறக்கும் திட்டம் இருக்கிறது, ஆனால் வேலை தொடங்க இன்னும் இரண்டு வருடம் ஆகும். அதற்குள் மறுபடி கடைக்குள் தண்ணீர் வந்தால் மூடிவிட வேண்டும். புதிய நகரத்துச் சந்தைக் கட்டடத்தில் இடம் தருவார்கள்.

"எத்தனாவது மாடி?" என்று அம்மா கேட்டாள்.

"மூணாவது, பெரியம்மா. லிஃப்ட் இருக்கு. மன்னிச்சுக்குங்க."

"காய்கறி மூட்டையோட காலையில லிஃப்டுல ஏறி எவன் நூடுல்ஸ் சாப்பிடுவான்?"

ஃபாங் கையிலிருந்த தாளை மடித்தாள்.

"இன்னும் ஒரு தடவை தண்ணி வந்தா?"

"வந்தா மூடணும், பெரியம்மா."

"வரலேன்னா?"

"தெருவ எறக்குற வரைக்கும் இங்கயே இருக்கலாம்."

"அப்போ உக்காரு. சாப்பிட்டுப் போ."

அன்று மாலை அம்மா என்னிடம் ஒன்றே கேட்டாள். "உன்னால ஆகுமா?"

பாதி ஆகும் என்றேன். எங்கள் குழு அந்தக் குளிர்காலத்தில் தெருவின் வடிகால் வாய்களைப் பெரிதாக்கியது. மேல் சந்திப்பில் இருந்த பூச்செடி மேட்டை வெட்டிப் பள்ளமாக்கினோம், மேலிருந்து வரும் தண்ணீர் அங்கே தேங்கி மண்ணுக்குள் இறங்கட்டும் என்று. மேடாக இருந்த பூந்தோட்டத்தைக் குழியாக்கியதைப் பார்த்துத் தையல்காரர் லியாவோ, "அம்மாவும் பொண்ணும் சேர்ந்து ஊரையே பள்ளமாக்கப் போறாங்க," என்றார்.

மீதிப் பாதி கம்பளி. வடிகால் எவ்வளவு பெரிதானாலும் மேலே கம்பளி இருந்தால் பயனில்லை. மூடவே கூடாது என்றால் வசந்தத்தில் மணல் நிரம்பிவிடும். மணலுக்கு மூட வேண்டும், மழைக்குத் திறக்க வேண்டும். தெருக்காரர்களைக் கடையில் கூட்டி இதைச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும்.

"அவங்கவங்க வாசல் வடிகாலை அவங்கவங்க பாத்துக்கணும்," என்று முடித்தேன்.

"நடக்காது," என்றாள் அம்மா, மாவு பிசைந்துகொண்டே.

"ஏன்?"

"லியாவோ வாசல்ல குப்பை கெடந்தா லியாவோவுக்குத் தெரியுமா? தெரியாது. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றாள் ஆட்டுக்கறிக் கடை டிங். அவள் ஹுய் இனத்து முஸ்லிம். வெளியே சாப்பிட மாட்டாள். ஆனால் தன் கண்ணாடிக் குவளையில் தேநீரோடு எல்லாக் கூட்டத்துக்கும் வருவாள். "மூணு நாளா ஒரு முட்டைக்கோஸ் தோல் கெடக்கு. நானும் பாத்துட்டே இருக்கேன்."

"என் வாசலை நீ ஏன் பாக்குற?" என்றார் லியாவோ.

"உன் வாசல் என் கண்ணுக்கு நேரா இருந்தா நான் கண்ணை எங்க வெச்சுக்கிறது?"

அம்மா கையில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பாத்தியா, ஷுவாங்? லியாவோவோட வடிகால் டிங்குக்கு. டிங்கோடது லியாவோவுக்கு. யார் யாருக்கு ஆகாதோ அவங்க வடிகாலை இவங்க, இவங்க வடிகாலை அவங்க பாக்கட்டும். கம்பளி கெடந்தா எடுத்து வீசலாம், வாய்க்கு வந்தபடி திட்டலாம். திட்டு வாங்குறவங்க பதில் பேசக் கூடாது."

தெரு அரை நொடி யோசித்தது. பிறகு எல்லோருக்கும் ஒரே உற்சாகம்.

"அப்போ உங்க வடிகால், அக்கா?" என்றார் துவோ, எதுவும் தெரியாதவர் போல.

அம்மா அவரைப் பார்த்தாள். தன் சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டது அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "எடுத்துக்க," என்றாள். "உன்னோடது எனக்கு."

அந்த வசந்தம் தெருவுக்கு நல்ல பொழுதுபோக்கு. மணல் புயல்கள் வந்தன. கம்பளி விரிந்தது. காற்று அடங்கிய நொடியில், முகத்தில் இன்னும் துணி கட்டியபடி, எதிரிகள் கதவைத் திறந்துகொண்டு ஓடினார்கள். டிங் ஒரு தடவை லியாவோவின் கம்பளியைத் தூக்கி அவர் கடைக்குள்ளேயே வீசி, "இதுல ஒரு கோட்டு தைச்சுக்க, உன் தையலுக்கு இதுவே ஜாஸ்தி," என்றாள். லியாவோ சட்டப்படி வாயை மூடிக்கொண்டு நின்றார். கழுத்து மட்டும் சிவந்தது. அம்மா துவோவின் வடிகாலைப் போலீஸ் மாதிரி கண்காணித்தாள். துவோ அம்மாவுடையதை. இருவரிடமும் ஒரு தவறும் சிக்கவில்லை. அது இருவருக்கும் பெரிய ஏமாற்றம்.

அப்பாவுக்கு யாரும் எதிரி இல்லாததால் வடிகால் கிடைக்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்.

போன ஜூலையில் மறுபடி வானம் கறுத்தது. நான் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். இந்த முறை கைபேசி எச்சரிக்கையைத் தெருவே சத்தம் போட்டு வாசித்தது. கனமழை, கனமழை என்று வாய் வாயாகப் போயிற்று. நான் வாசலில் நின்று மேல் சந்திப்பில் இருந்த எங்கள் ஆளோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். புதிதாக வெட்டிய பள்ளம் நிறைந்தது, தாங்கியது. மேலே கம்பளிகள் பறந்தன, வசவுகள் பறந்தன. தண்ணீர் ஒவ்வொரு வடிகாலாக விழுங்கிக்கொண்டு வந்தது. வரைபடத்தில் நான் வரைந்தபடி.

எங்கள் வாசலில் மட்டும் ஏறியது.

கணக்கு தவறிவிட்டதோ என்று போனில் எங்கள் ஆளிடம் மறுபடி கேட்டேன். படியில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அம்மா உள்ளே மாவுப் பானையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்போது துவோ தன் கடையிலிருந்து பாய்ந்தார். குடை காற்றில் மேல்நோக்கி மடங்கிப் பூ மாதிரி விரிந்திருந்தது. முழங்கால் தண்ணீரில் குனிந்து துழாவினார். ஏதோ கனமாகத் தூக்கினார். செங்கல்லோடு, சொட்டச் சொட்ட, எங்கள் வீட்டுப் பழைய மெத்தை உறை. நீலப் பூ போட்டது.

வடிகால் ஒரு பெரிய ஏப்பம் விட்டது. தண்ணீர் சுழன்று உள்ளே போயிற்று.

அம்மாதான் மூடியிருக்கிறாள். வானம் கறுத்ததும், வாய் "மழை, மழை" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கை போய்ச் செங்கல் வைத்துவிட்டு வந்திருக்கிறது. அவளுக்கே நினைவில்லை.

துவோ அந்த மெத்தை உறையைக் கொடி மாதிரி உயர்த்திப் பிடித்தார். தெரு முழுக்க ஜன்னல்களில் தலைகள்.

"யோங் அக்கா," என்றார். அவர் இதற்காக ஒரு வசந்தம் முழுக்கக் காத்திருந்தார். "இது யாரோட மெத்தை?"

அம்மா வாசலுக்கு வந்தாள். பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"பதில் பேசக் கூடாது," என்றாள் டிங், மாடி ஜன்னலிலிருந்து.

அம்மா வாயை மூடினாள். துவோ ஆரம்பித்தார். பித்தளைத் தூள் புகாரிலிருந்து, புகையிலிருந்து, உப்பு கூடிப்போன ரசம் வரை பல வருடப் பாக்கி. மழையில் நனைந்தபடி திட்டினார். அம்மா இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மழை விட்டதும் ஃபாங் வந்தாள். பூட்ஸ் போட்டு, கையில் டார்ச்சோடு. கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எங்களிடம் வந்தாள். கதவருகே தரை ஈரம். வாசல் திண்டைத் தாண்டி ஒரு பாய் அளவு உள்ளே வந்திருந்தது. எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஃபாங் அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"பெரியம்மா, மன்னிச்சுக்குங்க. இது..."

"அது என் பூட்ஸ் தண்ணி," என்றார் துவோ.

கதவோரத்து முக்காலியில் உட்கார்ந்து, ஒரு பூட்ஸைக் கழற்றினார். தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு குடம் தண்ணீர் தரையில் கொட்டியது. ஒரு இலையும் வந்தது.

"பாத்தியா? இன்னொன்னுலயும் இருக்கு."

"தொடைச்ச தரையில ஏன்டா ஊத்துற?" என்றாள் அம்மா. அது நடிப்பில்லை.

ஃபாங் உதட்டைக் கடித்தாள். என் பக்கம் திரும்பினாள். "பொறியாளர் என்ன சொல்றீங்க?"

"மேஜை, அடுப்பு, சுவர் எல்லாம் காய்ஞ்சிருக்கு," என்றேன். அவ்வளவும் உண்மை.

அவள் டார்ச்சை அணைத்தாள். "தெருத் தண்ணி உள்ள வரல," என்றாள், தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்ப்பது போல. பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அன்று துவோவுக்குக் கறி அதிகமாக விழும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அம்மா வழக்கத்தைவிட இரண்டு துண்டு குறைத்துப் போட்டாள்.

"என்னக்கா இது?"

"மெத்தை போச்சுல்ல. அதுக்குக் கழிச்சிருக்கேன்."

கோடை முடிந்தது. இலையுதிர்காலம் முழுக்க அம்மா அந்தக் கடையில் நின்றாள். நவம்பரில் வயிற்று வலி என்றாள். மருத்துவர்கள் படம் காட்டினார்கள். எனக்குப் படம் படிக்கத் தெரியும். சீனப் புத்தாண்டு வசந்த விழாவுக்கு முன் போய்விட்டாள். கடைசி வாரம் மயக்கத்தில் கைகள் மாவு இழுத்துக்கொண்டிருந்தன. கூடவே, "வெளிய யாரோ நிக்கிறாங்க, உள்ள வரச் சொல்லு," என்றாள். யாரும் இல்லை. வரச் சொன்னேன்.

கடை மூடப்படவில்லை. தெருவை இறக்கும் வேலை இந்த வருடம் தொடங்குகிறது. வரைபடம் என் மேஜையில் இருக்கிறது.

விழா முடிந்த பிறகு அப்பா கடையைத் திறந்தார். அவர் வாழ்நாளில் நூடுல்ஸ் வெட்டியதில்லை. நான் மதியம் போனபோது கடை நிறைய ஆட்கள். எல்லோரும் தலைகுனிந்து பேசாமல் சாப்பிட்டார்கள். ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. அப்பா ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டு கரண்டியோடு நின்றார். நானும் சாப்பிட்டேன். நூடுல்ஸ் விரல் தடிமன், மெல்லவே முடியவில்லை.

துவோ உள்ளே வந்தார். ஒரு வாய் எடுத்தார். வெகுநேரம் மென்றார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அண்ணே, இது நூடுல்ஸா, தண்டவாளமா?"

அப்பா கிட்டே வந்து கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மெல்ல அவிழ்ந்தது.

"தண்டவாளம்தான்," என்றார். "எனக்குத் தெரிஞ்சது அது. சாப்பிடு. நாளைக்குக் கொஞ்சம் மெலிசா வரும்."

"நாளைக்கும் நான்தான் வரணுமா?"

"நீ வரலேன்னா யாரு சொல்லுவா?"

துவோ முணுமுணுத்துக்கொண்டே கிண்ணத்தை எடுத்தார். அடுத்த மேஜையில் ஒருவர் உப்பு போதவில்லை என்றார். லியாவோ ரசம் ஆறிவிட்டது என்றார். டிங் தேநீர்க் குவளையை நீட்டி, வெந்நீர் ஊற்ற இந்தக் கடையில் ஆள் இல்லையா என்று கேட்டாள். நான் எழுந்து போய் ஊற்றினேன்.